கழலாத சைலன்சர் நட்டு: எங்கே பிடிக்கிறது, எப்படிக் கழற்றுவது

குளச்சல் – தேங்காப்பட்டணம் கடலோரச் சாலையில் ஓடும் காருக்கு உப்புக் காற்று. குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு அடியில் நிற்கும் வண்டிக்குக் காயாத ஈரம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் இரண்டு வண்டிக்குமே அடிப்பக்கம் உலர்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. இது வெளியே. உள்ளேயும் தண்ணீர் உண்டு: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. வீட்டிலிருந்து மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்த் திரும்புகிற சின்ன ஓட்டத்தில் பின் மஃப்ளர் (சத்தத்தை அடக்கும் பெட்டி) அந்த ஆவியை வெளியேற்றும் அளவுக்குச் சூடாவதே இல்லை. அது உள்ளேயே தண்ணீராகித் தேங்கி, மூட்டு வழியே கசிந்து நட்டில் இறங்குகிறது.

கை வைக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: இந்த நட்டு ஒடிந்தால் என்ன ஆகும்? பின்பக்க ஃபிளேஞ்சில், அதாவது இரண்டு குழாய்களை இணைக்கும் தட்டில், இரு பக்கமும் ஊடுருவிப் போகும் போல்ட் என்றால் ஒன்றும் ஆகாது. புதிய போல்ட் சில பத்து ரூபாய். அதைக் காப்பாற்ற அரை நாள் போராடுவது வீண், நேராக அறுத்துவிடலாம். மேனிஃபோல்டை (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்தெடுக்கும் முதல் குழாய்த் தொகுதி) பிடித்துக்கொண்டு எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கியிருக்கும் ஸ்டட் (தலையில்லாத, மரை வெட்டிய தண்டு) என்றால் கதையே வேறு. அது ஹெட் மட்டத்தில் ஒடிந்தால் லேத்து பட்டறை வரை போக வேண்டி வரலாம். அங்கே பொறுமைதான் செலவு குறைந்த வழி. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள்: பின்னால் கொஞ்சுகிறார்கள், முன்னால் முரட்டுத்தனம் காட்டுகிறார்கள்.

பிடிக்கும் விதமும் இரண்டு. எஞ்சினை ஒட்டிய நட்டில் சூட்டினால் உண்டான கரும் செதில்தான் பிரச்சினை. மரை வெந்து இறுகியிருக்கும், எண்ணெய் உள்ளே இறங்க இடம் இருக்காது. அங்கே சூடுதான் பேசும். பின்னால் இருப்பது செம்மண் நிறத்துத் துரு. அதில் நுண்ணிய துளைகள் இருப்பதால் எண்ணெய் இறங்கும். ஆனால் போல்ட்டின் உடம்பே அரித்து மெலிந்திருக்கும்.

தொடங்கும் முன்

வண்டி சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கியோடு ஜாக்கி ஸ்டாண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது. இந்த வேலையில் உலுக்குவதும் தட்டுவதும் அதிகம், வண்டி சரிய அது போதும். செம்மண் முற்றம் என்றால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். மழை நனைத்த மண்ணில் கால் புதைந்துவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஓட்டத்தில் பல நூறு டிகிரிக்குப் போகும், ஆறச் சில மணி நேரம் விடுங்கள். துரு கண்ணில்தான் விழும், எனவே கண்ணாடி கட்டாயம். தீயோ கிரைண்டரோ எடுப்பதாக இருந்தால் பெட்ரோல் டாங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், வயரிங் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பல கார்களில் பின் மஃப்ளரின் மூட்டு டாங்கை ஒட்டியே வருகிறது. அங்கே தீ வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். ஹேக்சா பிளேடு போதும். பின்னால் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டிக்கும் இதே விதி.

கருவியில் ஒரே ஒரு பிடிவாதம்: ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், துரு தின்ற மூலை உருண்டுவிடும். எம்8 (8 மிமீ விட்டம்) ஸ்டட்டுக்கு ஜப்பான் வழி வந்த கார்களில் 12 மிமீ தலை, ஐரோப்பிய வழியில் பெரும்பாலும் 13. எம்10-க்கு முன்னதில் 14, பின்னதில் 16 அல்லது 17. துரு ஏறிய தலையில் அளவு ஏமாற்றும். கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த பிறகு சாக்கெட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஏற்றுங்கள்.

அறிகுறி: நட்டு அசையவே இல்லை, தலை நன்றாக இருக்கிறது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் தகராறும் இங்கே அவசரப்படுவதால் வருவது.

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் கழற்றினால், நட்டு அந்தத் துருவின் மேல் ஏறிப் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பிறகு துருவில் இறங்கும் எண்ணெய். கடையில் பரவலாகக் கிடைக்கும் டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டும் ஸ்பிரே; லேசான துருவுக்குப் போதும். கடுமையான துருவுக்கு அதற்கென்றே உள்ள பெனட்ரேட்டிங் ஆயில் வாங்குங்கள். வீட்டுக் கலவையும் உண்டு: ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு. இரண்டும் தனித்தனியே பிரியும், ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். சில பிளாஸ்டிக் கப்புகளை அசிட்டோன் கரைத்துவிடும், ஸ்டீல் டம்ளர் எடுங்கள். தீப்பொறி பக்கத்தில் வரக்கூடாது. தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்க்கிறவர்களும் இங்கே உண்டு. அது கெட்டி, மரைக்குள் இறங்காது, சூட்டில் புகைந்து நாறுவதுதான் மிச்சம்.

எண்ணெய் விட்டு 15 முதல் 20 நிமிடம் பொறுத்து, அரைக் கிலோ சுத்தியலால் நட்டின் பக்கங்களில் அளவாகத் தட்டுங்கள். ஸ்டட்டின் நுனியில் அடிக்காதீர்கள், மரை நசுங்கும். தட்டுவதால் துருவில் விரிசல் விழுகிறது, அடுத்து விடும் எண்ணெய் அதன் வழியே இறங்குகிறது. இந்தச் சுற்றை நாலைந்து முறை. முடிந்தால் முந்தின நாள் சாயங்காலமே ஒரு சுற்று முடித்துவிட்டு, காலையில் மறுபடி தொடங்குங்கள்.

திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. அது விட்டுக்கொடுத்தால் பிறகு கழற்றும் பக்கம். நீளக் கம்பியை மாட்டித் தொங்குவதுதான் ஸ்டட்டை ஒடிக்கும் நேர்வழி. கணக்கு எளிது: எம்8 ஸ்டட்டில் இருக்கும் நட்டு ஏறக்குறைய 20–25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப்படுவது. 60 செமீ கம்பியின் நுனியில் 10 கிலோ பாரம் கொடுத்தாலே கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர். துரு தின்ற எம்8 அதைத் தாங்காது. குட்டையான கைப்பிடி, வெடுக் வெடுக்கென்று சிறு இழுப்பு.

சாக்பீஸாலோ பெயின்டாலோ நட்டின் மேலும் ஸ்டட் நுனியின் மேலும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நட்டுக் கோடு மட்டும் நகர்ந்தால் கழல்கிறது. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் ஸ்டட் வேரோடு வருகிறது அல்லது முறுக்கிக்கொள்கிறது. கையிலும் தெரியும். ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு விடுபட்டுக் கீச்சிட்டுக்கொண்டே சுற்றினால் நல்லது. சத்தமே இல்லாமல் ஜவ்வு போல இழுபட்டுக்கொண்டே வந்தால் இரும்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியே நிறுத்துங்கள்.

இரண்டு நாள் எண்ணெய்க்கும் அசையாவிட்டால் சூடு. ஸ்டட்டை அல்ல, நட்டைச் சூடாக்க வேண்டும். 10 மிமீ துளை 300 டிகிரி சூட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று, நான்கு பங்கு விரியும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் துருவின் பிடி உடைய அது போதும். சமையலறையில் உபயோகிக்கும் சின்ன பியூட்டேன் டார்ச்சால் இது நடக்காது. ஃபிளேஞ்ச் முழுவதும் சூட்டை உறிஞ்சிவிடும். புரொப்பேன் டார்ச்சோ பட்டறையின் கேஸ் செட்டோ வேண்டும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டிலோ இரும்பு ஃபிளேஞ்சிலோ இருக்கும் நட்டை மங்கிய சிவப்பு வரை கொண்டுபோய், சூடு ஆறும் முன் ஸ்பானரை மாட்டித் திருப்பலாம். அலுமினிய ஹெட்டை ஒட்டி இருந்தால் சிவக்க விடவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட்டின் உலோகக் கலவை அதற்கும் முன்பே. அங்கே இதமான சூடு காட்டிவிட்டு, நட்டு ஆறி வரும்போது மெழுகுவர்த்தியை மரையோரம் தொட்டு வையுங்கள். உருகிய மெழுகு இண்டுக்குள் இழுக்கப்படும்.

எச்சரிக்கை இரண்டு. எண்ணெய் விட்ட இடத்தில் தீ காட்டினால் குப்பென்று பற்றும். துடைத்துவிட்டு, பக்கத்தில் தீயணைப்பானோ மணல் வாளியோ வைத்துக்கொண்டு செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம். நச்சு வாயு உண்டாகும்.

அறிகுறி: ஒன்றிரண்டு சுற்று வந்து மறுபடி இறுகுகிறது

துருத் தூள் மரைக்குள் சேர்ந்து அடைக்கிறது. மேலும் இழுத்தால் மரை கழன்றுவிடும் அல்லது ஸ்டட் ஒடியும். கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று கழற்றி, மறுபடி கால் சுற்று இறுக்கி என்று முன்னும் பின்னுமாகவே கொண்டுவாருங்கள். துறைமுகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டை முன்பு யாராவது மாட்டியிருந்தால் இன்னொரு வகையும் உண்டு: எஸ்எஸ் போல்ட்டும் எஸ்எஸ் நட்டும் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்ளும். அது துரு இல்லை, எண்ணெய்க்குக் கேட்காது. அறுப்பதே வழி.

அறிகுறி: நட்டின் மூலைகள் உருண்டு, சாக்கெட் வழுக்குகிறது

முதலில் ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றுங்கள். 14 தலைக்கு 13. 13-க்கு அரை இஞ்ச், அதாவது 12.7 மிமீ, 12-க்கு 11. பழைய, தேய்ந்த சாக்கெட் இதற்குப் போதும். நல்ல சாக்கெட்டைப் பாழாக்க வேண்டாம். அதற்கும் வழுக்கினால், உள்ளே சுருள் பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். இடம் இருந்தால் கிரிப் பிளையரை முழு இறுக்கத்தில் மாட்டலாம், ஆனால் அது ஒருமுறை வழுக்கினால் இரண்டாம் முறைக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

அடுத்தது நட்டைப் பிளப்பது. உடைந்தாலும் பரவாயில்லாத ஊடுருவு போல்ட்டை 4 இஞ்ச் கிரைண்டரில் 1 மிமீ கட்டிங் வீல் மாட்டித் தலையோடு அறுத்துவிடலாம். ஸ்டட்டைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தில் ஸ்டட்டுக்கு இணையாக அறுத்து, மரையின் பளபளப்பு தெரியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். அந்தப் பிளவில் உளியை வைத்து ஓர் அடி. நட்டு வாய் பிளந்து தானாகவே தளர்ந்துவிடும். கிரைண்டருக்கு இடமில்லாத சந்தில் நட்டு ஸ்பிளிட்டர் நல்லது.

அறிகுறி: நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது

மறுபக்கம் தலையை ரிங் ஸ்பானரால் பிடித்து, ஸ்பானரின் கைப்பிடியைக் குழாயிலோ ஃபிரேமிலோ முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். தலையே துருவில் கரைந்திருந்தால் நேரம் வீணாக்காமல் அறுத்துவிடுங்கள். சில ஃபிளேஞ்சுகளில் நட்டைப் பின்னால் வெல்டிங் வைத்திருப்பார்கள். அந்த வெல்டிங் விட்டுப்போனால் நட்டு உள்ளே சுற்றும். கிரிப் பிளையரால் பிடித்துக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது தனி நட்டு போடலாம்.

அறிகுறி: ஸ்டட் முழுசாக நட்டோடு கழன்று வந்துவிட்டது

பதற்றம் வேண்டாம், இது பெரும்பாலும் நல்லதே. ஸ்டட்டையும் நட்டையும் சேர்த்து மாற்றுங்கள். துளைக்குள் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். புதிதாக வெட்டுவது போல அழுத்தாமல், கையால் மட்டும். சில எஞ்சின்களில் அந்தத் துளை கூலன்ட் பாதைக்குள் திறந்திருக்கும். ஸ்டட் வந்ததும் கூலன்ட் சொட்டினால், புதிய ஸ்டட்டின் மரைக்கு சீலன்ட் தேவை.

அறிகுறி: ஸ்டட் ஒடிந்துவிட்டது

5 மிமீக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டை ஏற்றி ஒன்றையொன்று எதிர்த்து இறுக்கி, உள்பக்கத்து நட்டைப் பிடித்துக் கழற்றுங்கள். மரை போயிருந்தால் வெல்டர்தான். எம்8 மிச்சத்தின் மேல் ஓர் எம்10 நட்டை வைத்து, துளை வழியே நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நிரப்பி வெல்டிங் வைப்பார். உருகும் சூடு ஸ்டட்டின் வேர் வரை போவதால் துருவின் பிடியும் உடைகிறது. இந்த முறை பலிப்பதற்குப் பாதிக் காரணம் அந்தச் சூடுதான். சிவப்பு மறைந்த பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங் விடும், மறுபடி வைத்துக்கொள்ளலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். முலாம் பூசிய நட்டு வேண்டாம், துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது.

மட்டத்தோடோ உள்ளேயோ ஒடிந்திருந்தால் துளை போட வேண்டும். அலுமினிய ஹெட்டில் இதுதான் ஆபத்தான கட்டம்: டிரில் பிட் கடினமான ஸ்டட்டை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் நழுவும். கையால் கண்மதிப்பில் நடுவைப் பிடிக்க முயல வேண்டாம். மேனிஃபோல்டின் துளைக்குள் அப்படியே உட்காரும் ஒரு புஷ்ஷை (உருளை வளையம்), நடுவில் 3 மிமீ துளையோடு, லேத்து பட்டறையில் கடைந்து வாங்குங்கள். மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டிவிட்டு அந்தப் புஷ் வழியே துளைத்தால் நடு தானாகக் கிடைக்கும். முதலில் 3 மிமீ பிட், பிறகு 5, எம்8×1.25 (1.25 மிமீ மரை இடைவெளி) என்றால் கடைசியில் 6.8 மிமீ. எம்10×1.25 என்றால் 8.8. மெதுவான வேகம், நிறைய எண்ணெய். இடதுபுறம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் அதையே எடுங்கள். துளைக்கும்போதே பிடித்து வெளியே கொண்டுவந்துவிடுவது உண்டு.

ஈஸி-அவுட், அதாவது ஒடிந்த ஸ்டட்டில் போட்ட துளைக்குள் எதிர்ப்பக்கம் முறுக்கி அதைக் கழற்றும் திருகு, அந்த விஷயத்தில் கவனம். வெல்டிங்குக்கும் அசையாத ஸ்டட்டை அந்தச் சின்னத் திருகு அசைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, கார்பைடு பிட்டோ மின்பொறி அரிப்பு எந்திரமோ தேடிப் போக வேண்டும். லேசாக முறுக்கிப் பார்த்து வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஹெட்டின் மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் (புதிய மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடலாம், எம்8-க்கு 8.3 மிமீ அளவில் துளை, பிறகு அதற்கென்ற டேப். முறையாகப் போட்டால் பழைய மரையைவிட உறுதி.

அறிகுறி: ஆக்சிஜன் சென்சார் கழலவில்லை

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இந்த சென்சாருக்கு எம்18×1.5 மரை, 22 மிமீ தலை. வயர் வெளியேற வாய் வெட்டிய சாக்கெட் வேண்டும். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, இளஞ்சூட்டில் கையுறையோடு முயலுங்கள். பழைய சென்சாரையே திரும்ப மாட்டப் போகிறீர்கள் என்றால் இம்பேக்ட் கன் வேண்டாம், உள்ளே பீங்கான் விரியும். எண்ணெயை மரையோரம் சொட்டாக விடுங்கள், ஸ்பிரேயாக அடிக்காதீர்கள். சிலிக்கான் கலந்தது ஆகவே ஆகாது, சென்சாரைக் கெடுத்துவிடும். எறியப் போகும் சென்சார் என்றால் வயரை அறுத்துவிட்டு ஆறு முனை ஆழ சாக்கெட்டே போடலாம்.

அறிகுறி: ஸ்பிரிங் போல்ட் அசையவில்லை

சிறிய கார்கள் பலவற்றில் முன் குழாயின் மூட்டில் வட்ட கேஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் வளையம்) ஸ்பிரிங் வைத்த இரண்டு போல்ட்டுகளும் வரும். ஸ்பிரிங்குக்குள் துரு மண்டிப் போல்ட்டை நெருக்கியிருக்கும். ஸ்பிரிங்கையே அறுத்து எடுத்துவிட்டால் போல்ட் மூச்சு விடும். எப்படியும் ஸ்பிரிங், போல்ட், கேஸ்கெட் மூன்றும் செட்டாகப் புதிதுதான் போட வேண்டும். எஞ்சின் ஆடும்போது மூட்டு வளைய வேண்டும் என்பதற்காகவே அந்த ஸ்பிரிங். அதை விட்டுவிட்டுச் சாதாரணப் போல்ட்டால் இறுக்கிவைத்தால் அடுத்து வெடிப்பது குழாய்.

அறிகுறி: நட்டெல்லாம் கழன்றும் குழாய் பிரியவில்லை

குழாய்க்குள் குழாய் நுழையும் மூட்டு. யூ-கிளாம்ப் இறுக்கிய இடத்தில் இரண்டும் சேர்ந்து நசுங்கியிருக்கும், இழுத்தால் வராது. வெளிக் குழாயைச் சுற்றித் தட்டி, எண்ணெய் விட்டு, இழுக்காமல் இடம் வலமாகத் திருகுங்கள். மாற்றப்போகும் பக்கத்துக் குழாயில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு உளியால் விரிப்பது இன்னும் விரைவு. தொங்கும் ரப்பர்களுக்குச் சோப்புத் தண்ணீரே போதும்; பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும்.

திரும்ப மாட்டும்போது

நைலான் வளையம் உள்ள லாக் நட்டு இங்கே உதவாது, சூட்டில் உருகும். சாதாரண ஸ்பிரிங் வாஷரும் முறுக்கு இழந்துவிடும். முழு உலோக லாக் நட்டு, அல்லது செம்பு பூசிய எக்ஸாஸ்ட் நட்டு கேட்டு வாங்குங்கள். மரையில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை பிடிக்காமல் காக்கும்) பேஸ்ட் மெல்லிய பூச்சாக. சாதாரண கிரீஸ் எரிந்து கரியாகி மறுபடி பிடித்துக்கொள்ளும். பேஸ்ட் போட்டால் உரசல் குறையும், அதனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே இறுக்க வேண்டும். எம்10-க்குப் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. மேனிஃபோல்டை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் திறந்த இடத்தில் ஸ்டார்ட் செய்து, வால் குழாயைத் தடித்த ஈரத்துணியால் சில நொடி அடைக்கச் சொல்லிவிட்டு மூட்டுகளில் காது கொடுங்கள். சூடேறும் முன் சோப்பு நுரை தடவினால் சின்னக் கசிவும் கொப்புளமாகத் தெரியும். முன்பக்க மூட்டில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும், அந்த நிலையில் ஓட்ட வேண்டாம். கசிவு இல்லையென்றால் ஒரு நல்ல ஓட்டம் போய்வந்து, முழுவதும் ஆறிய பிறகு ஃபிளேஞ்ச் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.